கூட்டிப் போனவர் பேர் என்ன?

பண்ருட்டியிலிருந்து கூப்பிடு தூரம் திருவதிகை. நெய்வேலியில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். கெடிலம் ஆற்றின் கரையில், தேர் போன்ற விமானத்தோடு வீரட்டானேசுவரர் கோயில். 7-ம் நூற்றாண்டில் ஒருநாள் விடியற்காலையில், தாங்க முடியாத வயிற்று வலியோடு ஒரு சமணத் துறவி இங்கே வந்து நின்றார். அக்கா திலகவதியார் திருநீறு கொடுத்து, கோயிலுக்குள் கூட்டிப் போனார். தம்பி பாடினார். வலி போனது. அந்தத் தம்பிதான் திருநாவுக்கரசர்... நம்ம அப்பர்!

இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால், அப்பரின் மிகக் கடினமான பயணம் இதற்குப் பல வருடங்கள் கழித்து, தள்ளாத வயதில் நடந்தது. 12-ம் நூற்றாண்டில் சேக்கிழார் அதை விவரமாகச் சொல்கிறார்.

காளத்திக்குப் போனவருக்குக் கயிலையையும் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. ஸ்ரீசைலம், கன்னட தேசம், மாளவம் என நடந்து காசியை அடைந்தார். கூட வந்தவர்களை அங்கேயே நிறுத்திவிட்டுத் தனியாகக் கிளம்பினார். கால்கள் தேய்ந்தன. கையை ஊன்றி நகர்ந்தார். கைகளும் தேய்ந்தன. மார்பால் ஊர்ந்தார். அதுவும் முடியாமல் போக, உருண்டார். முனிவர் வேடத்தில் வந்த சிவன், ‘மனிதர் போகிற இடமில்லை, திரும்பிப் போ’ என்றார். கிழவர் மசியவில்லை. கடைசியில், பக்கத்திலிருந்த குளத்தில் மூழ்கச் சொன்னார். மூழ்கியவர் எழுந்த இடம் திருவையாறு. கயிலைக் காட்சி அங்கேயே கிடைத்தது.

பக்தர்களுக்கு இது அற்புதம். வரலாறு படிக்கிறவர்களுக்கு ஒரு சின்ன விஷயம் உறுத்தும். திருவதிகையில் அப்பரைக் கூட்டிப் போக அக்கா இருந்தார். கயிலைக்குக் கூட்டிப் போக யாருமே இல்லை!

அந்த மலையில் வழி என்பது வெறும் பாதை அல்ல. எந்த மாதம் எந்தக் கணவாய் திறக்கும், காற்று எத்தனை மணிக்குக் கிளம்பும், எந்தப் பனியில் கால் வைக்கலாம்... இதெல்லாம் தெரிந்த ஆள் கூட வர வேண்டும். அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். குமாவோன் மலையின் ஜோஹார், தார்மா, வியாஸ் பள்ளத்தாக்குகளில் வாழ்கிற மக்கள். வெளியே இருப்பவர்கள் வைத்த பெயர் போட்டியா. ஜோஹார்க்காரர்கள் தங்களைச் சௌக்கா என்பார்கள், வியாஸ்காரர்கள் ரங் என்பார்கள்.

இவர்களுக்கு இரண்டு ஊர். கோடையில் பதினோராயிரம் அடி உயரத்தில் ஒரு வீடு, பனி கொட்டுகிற மாதங்களில் அடிவாரத்தில் ஒரு வீடு. குடும்பமும் ஆடுமாடும் ஏறும், இறங்கும். அந்த ஆடுகள்தான் அவர்களின் லாரி! ஒவ்வொரு ஆட்டின் முதுகிலும் பத்துப் பன்னிரண்டு கிலோ மூட்டை. இங்கிருந்து தானியம், துணி, வெல்லம் திபெத்துக்குப் போகும். அங்கிருந்து உப்பு, கம்பளி, நம்ம ஊர் பத்தர்கள் நகையை ஒட்டவைக்கப் பயன்படுத்தும் வெண்காரம் வரும். ஒவ்வொரு வியாபாரிக்கும் திபெத்தில் ஒரு நிரந்தரக் கூட்டாளி உண்டு. ஒப்பந்தத்துக்குப் பத்திரம் கிடையாது. ஒரு கல்லை இரண்டாக உடைத்து ஆளுக்குப் பாதி வைத்துக்கொள்வார்கள். பாதிகள் பொருந்தினால் ஒப்பந்தம் செல்லும். அப்பா வைத்திருந்த கல் பிள்ளைக்கு வரும்.

இப்போது கொஞ்சம் நம்ம பக்கம் வருவோம். 1802-ல் லாம்ப்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி, பரங்கிமலை அருகே சங்கிலி வைத்து நிலத்தை அளக்க ஆரம்பித்தார். அவர் அளந்த முதல் தீர்க்கரேகை வில்லின் தெற்கு முனை எது தெரியுமா? கடலூர் பக்கத்துத் திருவந்திபுரம்! திருவதிகையிலிருந்து அடுத்த ஊர் மாதிரிதான். இங்கே தொடங்கிய அளவை இமயம் வரை போய், அங்கே முட்டிக்கொண்டு நின்றது. திபெத்துக்குள் ஐரோப்பியர் யாரும் நுழையக் கூடாது.

கேப்டன் மான்ட்கோமரிக்கு ஒரு யோசனை வந்தது. வெள்ளைக்காரன்தானே போகக் கூடாது? போட்டியாவைத் திபெத்துக்காரர்களுக்குக் காலங்காலமாகத் தெரியுமே! சிக்கியவர், ஜோஹாரின் மிலம் கிராமத்தில் 1830-ல் பிறந்த நைன் சிங். ஜெர்மானிய ஷ்லாகின்ட்வைட் சகோதரர்களோடு 1855-லேயே மலை ஏறிய அனுபவசாலி. அப்புறம் பள்ளிக்கூட வாத்தியார்.

டேராடூனில் அவருக்கு நடக்கக் கற்றுக்கொடுத்தார்கள். மேடோ பள்ளமோ, ஒவ்வொரு அடியும் ஒரே நீளம். இரண்டாயிரம் அடிக்கு ஒரு மைல். கையில் ஜபமாலை. வழக்கமான 108 மணிக்குப் பதில் அதில் 100 மணி. நூறு அடிக்கு ஒரு மணி தள்ளுவார். பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் மந்திரச் சீட்டு இருக்க வேண்டிய இடத்தில் கணக்குச் சீட்டு. பார்க்கிறவர்களுக்கு வியாபாரி, யாத்ரீகர். உண்மையில் நடமாடும் அளவுகோல்! 1866 ஜனவரியில் லாசாவை அடைந்தார். மானசரோவர் வழியாகத் திரும்பினார். சுமார் 1,200 மைல், 25 லட்சம் அடிகள். 1877-ல் லண்டன் ராயல் ஜியாக்ரஃபிகல் சொசைட்டி தங்கப் பதக்கம் கொடுத்தது. இந்திய அரசு 2004-ல் தபால்தலை வெளியிட்டது.

நைன் சிங் பேராவது தப்பியது. அவருடைய ஜனங்கள்?

1954-ல் இந்தியாவும் சீனாவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், வியாபாரிகளும் யாத்ரீகர்களும் போய்வர ஆறு கணவாய்கள் குறிக்கப்பட்டன. லிபுலேக் அதில் ஒன்று. எட்டே வருடத்தில் போர். 1962-ல் எல்லாம் மூடப்பட்டது. கல்லின் ஒரு பாதி இந்தப் பக்கம், மறு பாதி அந்தப் பக்கம்! வியாபாரம் போனதும் ஆட்டு மந்தைகள் சுருங்கின. மிலம் கிராமத்தில் வீடுகள் கூரை இடிந்து நின்றன. 1967-ல் பழங்குடிப் பட்டியலில் சேர்த்தார்கள். பிள்ளைகள் படித்து அரசு வேலைகளுக்குப் போனார்கள். பிழைத்துக்கொண்டார்கள். ஆனால், கோடைக்கு மேலே, குளிருக்குக் கீழே என்ற வாழ்க்கை பலருக்கு அறுந்துபோனது.

1981-ல் கயிலாய யாத்திரை மறுபடி தொடங்கியது. தார்ச்சுலா, குஞ்சி, நபிடாங் வழியாகப் பதினேழாயிரம் அடி உயர லிபுலேக் வரை நடை. இருட்டிலேயே கிளம்பி, காற்று வலுப்பதற்குள் கணவாயைத் தாண்ட வேண்டும். நம்ம ஊர்க்காரர்களும் போனார்கள். மூட்டை சுமந்து, குதிரையைப் பிடித்து, ‘மெல்ல... மெல்ல...’ என்று கூட நடந்தவர்கள் அந்த மலைக்காரர்களே. ஒரு காலத்தில் சொந்தச் சரக்கை ஓட்டிப் போன பாதையில், இப்போது நம் பையைத் தூக்கினார்கள்.

1998 ஆகஸ்டில் மால்பா என்ற இடத்தில் நள்ளிரவில் மலை சரிந்தது. இருநூறுக்கும் மேற்பட்டோர் பலி. 60 பேர் கயிலாய யாத்ரீகர்கள். அவர்களில் ஒருவர் ஒடிசி நடனக் கலைஞர் புரோதிமா பேடி. அவர் பெயர் நமக்கு நினைவிருக்கிறது. அதே இரவில் மண்ணுக்குள் போன சுமைக்காரர்கள், குதிரைக்காரர்கள் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

2020 மே மாதம் லிபுலேக் பாதைக்கு ரோடு திறந்தார்கள். கொரோனாவில் நின்ற யாத்திரை 2025-ல் மீண்டும் ஆரம்பித்தது. வாரக்கணக்கில் நடந்த தூரத்தை இப்போது ஜீப் விழுங்குகிறது. ரோடு வேண்டாம் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. நோயாளியைச் சுமந்துகொண்டு மலை இறங்கிய ஊர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால், வழி தெரிந்த மனிதரின் தேவை அங்கே குறைந்துகொண்டே போகிறது. தேவை போனால் பேரும் மறந்துபோகும்.

கயிலாயம் போய் வந்தவர்கள் மானசரோவர் தண்ணீரைச் சின்ன பாட்டிலில் கொண்டுவந்து கொடுப்பார்கள். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளுங்கள். அப்படியே ஒரு கேள்வியும் கேளுங்கள்: “உங்களை மேலே கூட்டிப் போனவர் பேர் என்ன?”

திலகவதியார் பேரைத் திருவதிகை இன்னும் மறக்கவில்லையே!