சட்டம் 164: முஸ்லிம் அல்லாதார் திருமணச் சட்டம் எப்படி உருவானது, எப்படி மாறியது?

மலேசியாவில் முஸ்லிம் அல்லாதாரின் திருமணம், விவாகரத்து, ஜீவனாம்சம், பிள்ளைகளின் பராமரிப்பு ஆகியவை 1976ஆம் ஆண்டு சட்டச் சீர்திருத்த (திருமணம், விவாகரத்து) சட்டத்தின் கீழ் வருகின்றன. சுருக்கமாக இதைச் சட்டம் 164 என்பார்கள். கோயிலில் தாலி கட்டினாலும், தேசியப் பதிவு இலாகாவில் கையெழுத்திட்டாலும், நம் சமுதாயத்தினருக்கு இந்தச் சட்டமே பொருந்தும்.

தொடக்கம்: அரச ஆணையம்

இச்சட்டத்திற்கு முன்பு, முஸ்லிம் அல்லாதாரிடையே இந்து வழக்கம், சீன வழக்கம், கிறிஸ்தவத் திருமணச் சட்டம், சிவில் திருமணச் சட்டம் எனப் பல முறைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. வழக்க முறைத் திருமணத்தில் ஆண் ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியரை வைத்துக்கொள்ளச் சட்டத்தில் தடை இல்லை. பதிவு இல்லாததால், கணவன் கைவிட்டால் தான் மனைவி என்று நிரூபிப்பதே பெண்ணுக்குப் பெரும்பாடாக இருந்தது.

இந்நிலையை ஆராய அரசாங்கம் ஓர் அரச ஆணையத்தை அமைத்தது. அதன் பரிந்துரைகளின் அடிப்படையில் 1976இல் சட்டம் 164 நிறைவேறியது. ஒருவனுக்கு ஒருத்தி என்பது சட்டமானது. திருமணப் பதிவு கட்டாயமானது. திருமண வயது 18 என்றும், 16 முதல் 18 வயதுக்குட்பட்ட பெண்ணுக்கு மந்திரி பெசார் அல்லது முதலமைச்சரின் சிறப்பு அனுமதி வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. ஆனால் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1982 மார்ச் 1ஆம் தேதிதான். அதற்கு முன் மத, வழக்க முறைப்படி செல்லுபடியாக நடந்த திருமணங்கள், இச்சட்டத்தின் கீழ் பதிவானதாகவே கருதப்படுகின்றன.

நீதிமன்றம் காட்டிய ஓட்டை

சட்டத்தின் குறை, வழக்கு ஒன்று வரும்போதுதான் பெரும்பாலும் வெளிச்சத்திற்கு வருகிறது. விவாகரத்தான பெற்றோரின் பிள்ளைக்குப் பராமரிப்புத் தொகை 18 வயது வரைதான் என்று 95ஆவது பிரிவு கூறியது. மேற்கல்விச் செலவை இதில் சேர்க்க முடியாது என 2004இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எஸ்பிஎம் முடித்துக் கல்லூரிக்குப் போகும் வயதில், தந்தையின் உதவி சட்டப்படி நின்றுபோகும் நிலை ஏற்பட்டது. நீதிமன்றம் சட்டத்தை விளக்கலாமே தவிர, எழுத முடியாது. ஆகவே மாற்றம் நாடாளுமன்றத்தில்தான் நடக்க வேண்டியிருந்தது.

மற்றொரு குறை மதமாற்றம் தொடர்பானது. துணைவர் இஸ்லாத்தைத் தழுவினால், மதம் மாறாதவர் மட்டுமே விவாகரத்துக்கு மனு செய்யலாம் என்று 51ஆவது பிரிவு கூறியது. மதம் மாறியவருக்கு சிவில் நீதிமன்றத்தில் வழி இல்லாததால், அவர் ஷரியா நீதிமன்றத்தை நாடினார். ஒரே குடும்பத்திற்கு இரு நீதிமன்றங்கள், இரு வேறு உத்தரவுகள் என்ற சிக்கல் உருவானது.

மக்கள் தந்த அழுத்தம்

ஈப்போவைச் சேர்ந்த பாலர் பள்ளி ஆசிரியை எம். இந்திரா காந்தியின் மூன்று பிள்ளைகள், 2009இல் அவருக்குத் தெரியாமல் தந்தையால் மதம் மாற்றப்பட்டனர். அவ்வழக்கு நாட்டையே பேச வைத்தது. அதே ஆண்டு ஏப்ரலில், திருமணத்தின்போது பெற்றோர் பின்பற்றிய மதத்திலேயே பிள்ளைகள் வளர்க்கப்பட வேண்டும் என அமைச்சரவை அறிவித்தது. ஆனால் அமைச்சரவை அறிவிப்பு சட்டமாகிவிடாது. வழக்கறிஞர்கள், மகளிர் அமைப்புகள், சமய அமைப்புகள் எனப் பல தரப்பினர் தொடர்ந்து குரல் கொடுத்தும், மசோதா மக்களவைக்கு வர 2016 நவம்பர் ஆகிவிட்டது.

அந்த மசோதாவில் இருந்த 88ஏ பிரிவு, பிள்ளையின் மதமாற்றத்துக்குத் தாய், தந்தை இருவரின் சம்மதமும் வேண்டும் என்றது. எதிர்ப்புகளுக்குப் பின், 2017 ஆகஸ்டில் மசோதா மீட்டுக்கொள்ளப்பட்டது. 88ஏ பிரிவு இல்லாத புதிய மசோதா அதே மாதம் மக்களவையில் நிறைவேறியது. அப்பிரிவு அரசியலமைப்புச் சட்டத்துக்கு முரணானது என்பது அரசாங்கம் சொன்ன காரணம். ஆனால் 2018 ஜனவரி 29ஆம் தேதி, இந்திரா காந்தி வழக்கில் கூட்டரசு நீதிமன்றம், அதே அரசியலமைப்புச் சட்டத்தின் 12(4)ஆவது விதிப்படி இரு பெற்றோரின் சம்மதமும் தேவை என்று தீர்ப்பளித்தது. நாடாளுமன்றம் விட்டதை நீதிமன்றம் தந்தது.

திருத்தத்தால் கிடைத்தவை

- கணவன், மனைவியரில் ஒருவர் இஸ்லாத்தைத் தழுவினால், இருவரில் யாரும் சிவில் நீதிமன்றத்தில் விவாகரத்து கோரலாம்.
- விவாகரத்துக்கு முன் மதம் மாறியவர் இறந்துவிட்டால், அவரது சொத்தில் துணைவர், பிள்ளைகள், பெற்றோர் நீதிமன்றம் வழி பங்கு கோரலாம்.
- பிள்ளையின் பராமரிப்பு, மேற்கல்வி அல்லது பயிற்சி முடியும் வரை நீளலாம்.
- சொத்துப் பங்கீட்டில், தனி உழைப்பில் வாங்கியது, கூட்டு உழைப்பில் வாங்கியது என்ற வேறுபாடு நீக்கப்பட்டது. சம்பாதிக்காமல் வீட்டைக் கவனித்த பெண்களுக்கு இது முக்கியமானது.

நிறைவேறுவது வேறு, நடப்பது வேறு

ஒரு மசோதா மக்களவையில் மூன்று வாசிப்புகளைத் தாண்டி, மேலவையிலும் நிறைவேறி, மாமன்னரின் ஒப்புதல் பெற்று, அரசாங்க கெஜட்டில் வெளியாக வேண்டும். அதன் பிறகும் அமைச்சர் அறிவிக்கும் தேதியில்தான் பல சட்டங்கள் அமலுக்கு வருகின்றன. 2017இன் திருத்தம் அமலானது 2018 டிசம்பர் 15இல். குடும்ப வன்முறைச் சட்டமும் 1994இல் நிறைவேறி, 1996இல்தான் அமலானது. எனவே 'சட்டம் வந்துவிட்டது' என்ற செய்தியைப் படித்ததும், அமலாகும் தேதியையும் பார்ப்பது நல்லது. முதல் வாசிப்புக்கு வந்த மசோதாவை நாடாளுமன்ற இணையத்தளத்தில் யாரும் படிக்கலாம். தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் கருத்துச் சொல்ல அதுவே சரியான நேரம்.

இத்தனை பாதுகாப்பும் எளிதில் கைக்கு வர, திருமணப் பதிவுச் சான்றிதழ் வேண்டும். தோட்டப்புறங்களிலும் நகர்ப்புற அடுக்குமாடி வீடுகளிலும், கோயில் திருமணத்தோடு நிறுத்திக்கொண்ட தம்பதியர் இன்றும் உள்ளனர். தந்தை மலேசியர், தாய் வெளிநாட்டவர் என்றால், பிள்ளை பிறக்கும் முன் திருமணம் பதிவாகாத நிலையில் பிள்ளையின் குடியுரிமை தாயைப் பொறுத்தே முடிவாகும். அடையாள அட்டை இல்லாமல் பள்ளிக்கும் வேலைக்கும் அலையும் பிள்ளைகள் பலரின் கதை இங்கிருந்துதான் தொடங்குகிறது. பதிவுக்குத் தேசியப் பதிவு இலாகாவையோ, உதவிப் பதிவாளராக நியமனம் பெற்றவர் உள்ள கோயிலையோ நாடலாம். வழக்கறிஞர் கட்டணம் செலுத்த இயலாதவர்கள் சட்ட உதவி இலாகாவில் ஆலோசனை கேட்கலாம்.