பனைக்கு நெல் பங்காளி

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் கல்வெட்டைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் குடவோலையைப் பற்றிக் கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டப்பட்ட அந்த எழுத்துகளில் என்னை நிறுத்தி வைக்கும் இடம் வேறு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி வரக் கூடாது என்பதோடு சபை நிற்கவில்லை. அவருடைய உறவினருக்கும் அந்தத் தடையை வைக்கிறது. யார் யார் உறவினர்? சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள் என்று வரிசை நீள்கிறது. ஆளை எண்ணுவதோடு, ஆளுக்கு ஆள் எத்தனை நெருக்கம் என்றும் பார்த்த ஊர் அது. ஏரி வாரியமும் தோட்ட வாரியமும் வைத்து நடத்திய சபை கேட்ட கேள்வியை, ஏரிக்குள் வாழும் உயிர்களிடமும் தோட்டத்து மரங்களிடமும் கேட்கும் அறிவியல் ஒன்று கடந்த 30 ஆண்டுகளில் வளர்ந்திருக்கிறது. ஏனாத்தூர்ப் பக்கத்து ஏரிக்கரையில் நின்றே அதை விளக்கிவிடலாம்.

ஓரிடத்தில் எத்தனை வகை உயிர்கள் உண்டு என்று எண்ணுவது பல்லுயிர்க் கணக்கின் பழைய வழி. ஒரு கரையில் ஆல், அரசு, அத்தி மூன்றும் நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இன்னொரு கரையில் ஒரு பனை. அதன் அடியில் நீரில் அல்லியும் தாமரையும். எண்ணினால் இங்கும் மூன்று, அங்கும் மூன்று. ஆனால் ஆலும் அரசும் அத்தியும் ஒரே பேரினத்தின் பிள்ளைகள். ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி போல. மற்ற மூன்றும் பிரிந்துபோய்ப் பல கோடி ஆண்டுகள் ஆகின்றன.

1992இல் ஆஸ்திரேலிய அறிஞர் டேனியல் ஃபெய்த் இந்த வேறுபாட்டை எண்ணாக்க ஒரு வழி சொன்னார். உயிர்களின் வம்ச மரத்தை வரைந்துகொள்ள வேண்டும். கிளைகளின் நீளத்தைக் கூட்ட வேண்டும். பலருக்கும் பொதுவாக வரும் அடிக்கிளையை ஒரு தடவைதான் சேர்க்க வேண்டும். மரபணு எழுத்துகளை ஒப்பிட்டுக் கிளைகள் எங்கே பிரிகின்றன என்று அறிகிறார்கள். வயது தெரிந்த புதைபடிவங்களை வைத்து நீளத்தை ஆண்டுக் கணக்காக மாற்றுகிறார்கள். நெருங்கிய உறவினர் எத்தனை பேரைச் சேர்த்தாலும் கூட்டுத்தொகை கொஞ்சமே ஏறும். தனிக்கிளையில் நிற்கும் ஒற்றை உயிர் அதைச் சட்டென்று உயர்த்திவிடும். நீண்ட கிளை, வேறெங்கும் கிடைக்காத குணங்களைச் சேர்த்து வைத்திருக்கும் என்பதுதான் இதன் அடிப்படை.

தாமரையின் கதை இதில் மிக இனியது. ஒரே குளம், ஒரே சேறு, மிதக்கும் வட்ட இலை. ஆகவே பழைய தாவரவியலார் அல்லியையும் தாமரையையும் ஒரே குடும்பத்தில் வைத்தார்கள். மரபணு ஆய்வு வந்ததும் அந்தக் குடும்பம் உடைந்தது. அல்லியின் வழி, பூக்கும் தாவரங்களின் வம்சத்தில் ஏறக்குறைய அடிவாரத்திலேயே பிரிந்தது. தாமரைக்கு இன்று உயிரோடிருக்கும் நெருங்கிய சொந்தங்களில் ஒன்று காஷ்மீரத்துச் சினார் மரம்; மற்றொன்று நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் சேர்ந்த குடும்பம். தாமரைக் குடும்பத்தில் இன்று மிஞ்சியிருப்பவை இரண்டே இனங்கள்: நம்முடையது ஒன்று, வட அமெரிக்காவின் மஞ்சள் தாமரை ஒன்று. அல்லியும் தாமரையும் அருகருகே பூத்த குளத்தில் 13 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பிரிவு இரண்டு கை தூரத்தில் இருக்கிறது. அப்படியொரு குளத்தை மண் கொட்டி மூடுவதைப் பார்க்கையில் எனக்கு வயிறு எரிகிறது.

பனைக்கு வருவோம். புறத்தே வயிரம் உள்ளதைப் புல் என்றும் அகத்தே வயிரம் உள்ளதை மரம் என்றும் தொல்காப்பியர் மரபியலில் வகுத்தார். பனையும் தென்னையும் அவருக்குப் புல். இன்றைய வம்ச மரமும் பனையை ஒருவித்திலைத் தாவரங்களில், நெல்லும் மூங்கிலும் இருக்கும் பக்கம் வைக்கிறது. வேம்பும் புங்கமும் பனைக்குத் தூரத்துச் சொந்தம். வரப்பில் நிற்கும் பனைக்கு வயலில் நிற்கும் நெல்தான் பங்காளி.

பெயரும் தோற்றமும் ஏமாற்றும் இடங்கள் ஏரியில் இன்னும் உண்டு. வாத்துக்குஞ்சு போல மிதந்து, கண்மூடித் திறப்பதற்குள் மூழ்கிவிடும் முக்குளிப்பானுக்கு நெருங்கிய உறவு வாத்து இல்லை. பழவேற்காட்டிலும் கோடிக்கரையிலும் நிற்கும் பூநாரை. வேடந்தாங்கலுக்கு வரும் கூழைக்கடா, நீர்க்காகத்தைவிடக் கொக்குக்கு நெருக்கம். ஏரியில் கொக்கு இனங்கள் பல. ஒன்று வராமல் போனால் அது இழப்புதான், ஆனாலும் அதன் தாயாதிகள் அங்கே இருப்பார்கள். முக்குளிப்பான் வராமல் போனால் அந்த வழியே ஏரியை விட்டுப் போய்விடும்.

மேற்குத் தொடர்ச்சி மலை இதற்குப் பெரிய சாட்சி. ஆண்டில் பெரும்பகுதி மண்ணுக்குள்ளேயே வாழும் ஊதாத் தவளையை எஸ்.டி. பிஜுவும் ஃபிராங்கி போசூயும் 2003இல் அறிவித்தபோது, அதன் நெருங்கிய சொந்தம் கடல் கடந்து செஷல்ஸ் தீவுகளில் இருப்பது தெரிந்தது. நிலம் பிளந்து விலகிய காலத்துப் பிரிவு அது. 2017இல் திருவில்லிபுத்தூர் மலையில் அதற்கு ஓர் உடன்பிறப்பு கண்டறியப்பட்டு, ஊர்வன ஆய்வாளர் பூபதியின் பெயரைப் பெற்றது. லண்டன் விலங்கியல் கழகம் 2007இல் தொடங்கிய திட்டம் இப்படித் தனிக்கிளையில் நின்று அழியும் நிலையில் உள்ள உயிர்களுக்கே முன்னுரிமை தருகிறது. தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் அதே 2007இல் வெளியான ஆய்வில், தாவர வகைகள் மிகுந்த மேற்கில் கிளைநீளக் கூட்டுத்தொகை அந்த எண்ணிக்கைக்கு எதிர்பார்த்ததைவிடக் குறைவு, எண்ணிக்கை குறைந்த கிழக்கில் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் என்று தெரியவந்தது.

இந்த அளவுகோலுக்கு ஒரு குறை உண்டு. அதையும் சொல்ல வேண்டும். சீரகச் சம்பா, மாப்பிள்ளைச் சம்பா, கருங்குறுவை எல்லாம் ஒரே இனம். வம்ச மரத்தில் அவற்றுக்கு நடுவே உள்ள தூரம் ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். அதற்காக அவற்றில் ஒன்றை இழக்க எந்த உழவர் சம்மதிப்பார்? உழவர் கைபட்டு உண்டான பன்மைக்கு வேறு அளவுகோல் வேண்டும். இரண்டையும் குழப்பக் கூடாது.

2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் ஊராட்சியும் மேலாண்மைக் குழு அமைத்து மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். அந்தக் குழுவை இக்கால ஏரி வாரியம் என்று சொல்ல எனக்கு ஆசை. பதிவேட்டில் பெயர்களை எழுதும்போது, பக்கத்தில் உறவுக்கென்று ஒரு பத்தி கூடுதலாக இழுத்துவிடலாம். பள்ளிப் பிள்ளைகளே அதை நிரப்பிவிடுவார்கள். பனையேறிக்கெண்டை என்று பெயர் இருந்தாலும் அது கெண்டை இல்லை. காற்றை மூச்சாக இழுத்துச் சேற்றில் தாக்குப்பிடிக்கும் அந்த மீன் விராலுக்குச் சொந்தம். அதன் பெயருக்கு எதிரே ‘விரால் வகையறா’ என்று எழுதித் தொடங்கலாம்.