குன்னூர்க் கூண்டுகள் – தராசு சொன்ன தீர்ப்பு

போன வாரம் டாக்டர் மெக்கரிசனை எங்கே விட்டோம்? குன்னூர் பாஸ்டர் நிலையத்தில், எலிக்கூண்டுகளுக்கு முன்னால். எடை போடும் நேரம்!

இந்த ஒரு மணி நேரத்துக்காக அவர் பல வருஷம் காத்திருந்தார். கில்கித்தில் இளம் ராணுவ டாக்டராக இருந்தபோது பார்த்த ஹூன்சா மலைமக்களின் திடகாத்திரம் அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. தெற்கே வந்தால் மெலிந்த உடம்பு, வீங்கிய கால், பெரிபெரி. "அது அவரவர் இனம், அவரவர் ரத்தம்" என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். மெக்கரிசனுக்கு மனசு ஒப்பவில்லை.

இனத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால்?

ஒரே வம்சத்து எலிகள். ஒரே வயது. ஏழு கூட்டம், கூட்டத்துக்கு 20. காற்று, வெளிச்சம், பராமரிப்பு எல்லாம் ஒன்றே. சாப்பாடு மட்டும் வேறு வேறு.

முதல் கூட்டத்துக்குச் சீக்கியர் சாப்பாடு. முழுக் கோதுமைச் சப்பாத்தி, வெண்ணெய், பால், பருப்பு, பச்சைக் காய்கறி, எப்போதாவது கறி. அடுத்தடுத்து பட்டாணியர், மராட்டியர், கூர்க்கா, கன்னடர், வங்காளி சாப்பாடு.

ஏழாவது கூட்டம் நம்முடையது. தீட்டிய அரிசியை நம்பிய சென்னை மாகாணச் சாப்பாடு.

எலிகள் தராசில் ஏறின. சீக்கியக் கூட்டம் கொழுகொழுவென்று முதலிடம். பட்டாணியர் இரண்டாவது. மராட்டியர் மூன்றாவது. எடை இறங்கிக்கொண்டே வந்தது.

கடைசி இடம்?

சென்னை.

மெக்கரிசனைத் திகைக்க வைத்தது கடைசி இடம் மட்டுமல்ல. மனிதர்களிடம் அவர் கண்ட அதே வரிசை இது! எலிக்கு ஏது இனம்? உடம்பைத் தீர்மானித்தது சாப்பாடுதான்.

வெள்ளைக்காரரும் தப்பவில்லை. இங்கிலாந்து ஏழைகளின் வெள்ளை ரொட்டி, மார்கரின், ஜாம், டின் இறைச்சி, சர்க்கரை போட்ட டீ இவற்றையும் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். குட்டையாகிப் போயின. சிடுசிடுத்தன. சுமார் அறுபதாம் நாளில் பலவீனமானவற்றைக் கொன்று தின்னத் தொடங்கின!

சென்னைக் கூட்டத்துக்கும் வயிறு நிறைந்திருந்தது. சத்துதான் இல்லை. பாலில்லாத தட்டில் சுண்ணாம்புச்சத்து ஏது? கீரையும் காயும் குறைந்தால் வைட்டமின் ஏ எங்கிருந்து வரும்? மில்லில் தீட்டத் தீட்ட அரிசி வெளுத்தது. தவிட்டோடு, பெரிபெரியைத் தடுக்கும் பி1 வைட்டமினும் போனது. வெளுப்புக்கு நாம் கொடுத்த விலை அது.

அப்படியானால் அரிசிதான் குற்றவாளியா? தீர்ப்பு எழுத அவசரப்படாதீர்கள்.

1935. மெக்கரிசன் ஓய்வு பெற்றுவிட்டார். குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தின் புது இயக்குநர் அய்க்ராய்ட். அவர் முன்னால் ஒரு புதிர். மாகாணத்தின் வடக்கே, தெலுங்குக் கடலோர மாவட்டங்களில் பெரிபெரி தலைவிரித்தாடியது. அங்கே மில் அரிசி. தமிழ் மாவட்டங்களிலும் ஏராளமானோருக்கு மில் அரிசிதான்.

இங்கே பெரிபெரி இல்லை!

அதே மாகாணம். அதே மாதிரி மில். பிறகு நம்மவர்களைக் காப்பாற்றியது எது? நெல் மில்லுக்குப் போகும் முன்பே நடந்துவிடும் ஒரு காரியம். நம் பாட்டிமார் அண்டாவை அடுப்பேற்றி, காலங்காலமாகச் செய்துவந்த காரியம். அந்த அண்டாவுக்குள் அரிசிக்கு என்ன ஆனது?

அடுத்த வாரம் மூடியைத் திறப்போம்.

(தொடரும்)