மிஷன் பாடசாலையும் நம் பிள்ளைகளும்: இலங்கை முஸ்லிம்கள் கண்ட விடை

ஐந்தாம் வகுப்பை முடித்த பிள்ளையை அடுத்து எங்கே சேர்ப்பது என்ற கேள்வி நம் வீடுகளில் ஆண்டுதோறும் எழுகிறது. ஊரில் நற்பெயர் பெற்றது கிறிஸ்தவத் தனியார் பாடசாலையாக இருந்துவிட்டால் பெற்றோரின் தவிப்பு இரட்டிப்பாகிறது. ஒழுங்கும் ஆங்கிலமும் ஒருபுறம் அழைக்கின்றன. மார்க்கம் என்னவாகுமோ என்ற அச்சம் மறுபுறம் தடுக்கிறது. இத்தவிப்பு நமக்குப் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இலங்கை முஸ்லிம்கள் இதே கேள்வியின் முன் நின்றார்கள்.

பிரித்தானியர் ஆட்சியில் இலங்கையின் ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் மிஷனரிமாரின் கையில் வளர்ந்தது. மட்டக்களப்பில் மெதடிஸ்த மிஷன் 1814இலேயே பாடசாலை தொடங்கியது. கொழும்பில் புனித தோமையார் கல்லூரி 1851இலும், கண்டியில் திரித்துவக் கல்லூரி 1872இலும், கொழும்பில் வெஸ்லி கல்லூரி 1874இலும் தோன்றின. மிஷன் பாடசாலைகளுக்கு அரசின் உதவிப்பணமும் கிடைத்தது. அங்கே கணிதத்தோடும் ஆங்கிலத்தோடும் வேதாகமமும் ஒரு பாடமாக இருந்தது.

நம் முன்னோர் பலர் இப்பாடசாலைகளை விட்டு விலகி நின்றனர். அதை அறியாமை என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவது நியாயமன்று. குர்ஆன் பள்ளிக்கூடங்களில் அவர்களின் பிள்ளைகள் ஓதினார்கள், அரபுத்தமிழில் எழுதவும் வாசிக்கவும் அறிந்திருந்தார்கள், வணிகத்தில் தேர்ந்திருந்தார்கள். ஈமானைக் காக்க வேண்டும் என்ற கவலை பழிக்கத்தக்கதன்று. ஆயினும் விலகி நின்றதற்கு விலை இருந்தது. அரசுப் பதவிகளும் சட்டத் துறையும் மருத்துவத் துறையும் ஆங்கிலம் கற்றவர்களுக்கே திறந்தன.

பிற சமூகத்தார் இதற்கு விடை தேடிக்கொண்டிருந்தனர். ஆறுமுக நாவலர் 1848இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பின்னாளில் ஆனந்தா கல்லூரியான பௌத்த ஆங்கிலப் பாடசாலை 1886இல் கொழும்பில் தொடங்கியது.

நம் சமுதாயத்தில் அந்த விடையைத் தேடியவர் கண்டியில் 1838இல் பிறந்த வழக்கறிஞர் சித்திலெப்பை அவர்கள். 1882இல் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கி, கல்வியின் அவசியத்தை எடுத்துரைத்தார். அடுத்த ஆண்டு எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு வந்த ஒராபி பாஷாவின் ஆதரவும் இம்முயற்சிக்குக் கிடைத்தது. 1892இல், கொழும்பு மருதானைப் பள்ளிவாசலை ஒட்டி, வாப்பிச்சி மரிக்கார் போன்ற கொடையாளர்களின் துணையோடு ஒரு பாடசாலை உருவாயிற்று. அதுவே இன்றைய ஸாஹிரா கல்லூரி. மிஷன் பாடசாலையிலிருந்து அஞ்சி ஓடுவதும் வேண்டாம், அதில் கரைந்துபோவதும் வேண்டாம். மார்க்கமும் நவீனக் கல்வியும் ஒரே கூரையின்கீழ் கிடைக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை.

இங்கே இன்னொருவரையும் நாம் நினைவுகூர வேண்டும். மலாய் முஸ்லிம் சமூகத்தவரான டி.பி. ஜாயா அவர்கள் கண்டியில் ஆங்கிலிக்கன் பாடசாலையிலும், பின்னர் புனித தோமையார் கல்லூரியிலும் பயின்றவர். பௌத்தர்களின் ஆனந்தா கல்லூரியில் ஆசிரியராகப் பணியாற்றினார். 1921இல் ஸாஹிராவின் அதிபர் பொறுப்பை ஏற்று, கால் நூற்றாண்டுக்கும் மேலாக அதை வளர்த்தெடுத்தார். சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையிலும் இடம்பெற்றார். 1960இல் மதீனாவில் வபாத்தாகி, ஜன்னத்துல் பகீயில் நல்லடக்கம் செய்யப்பட்டார். மிஷன் பாடசாலையில் பெற்ற கல்வியைத் தம் சமுதாயத்திற்கே திருப்பிக் கொடுத்த வாழ்க்கை அது.

இவ்விருவரின் வரலாற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது நமக்கு ஓர் உண்மை தெளிவாகிறது. பாடசாலையின் பெயர்ப்பலகை மட்டும் பிள்ளையின் ஈமானைத் தீர்மானிப்பதில்லை. ஏழு வயதில் தொழுகையை ஏவவும் பத்து வயதில் அதில் கண்டிப்புக் காட்டவும் நபி (ஸல்) அவர்கள் பெற்றோருக்கே கட்டளையிட்டார்கள். நடுநிலை வகுப்புகளின் வயது அதற்கு அடுத்த வயது. தொழுகை வழக்கமாக வேரூன்றுவதும், தவறினால் கைநழுவிப் போவதும் அப்பருவத்தில்தான். முஸ்லிம் பாடசாலையில் சேர்த்துவிட்டோம் என்று அயர்ந்துவிடும் பெற்றோருக்கும் இப்பொறுப்பிலிருந்து விடுதலை இல்லை.

ஆகவே கிறிஸ்தவப் பாடசாலையைத் தேர்ந்தெடுப்போர் சேர்க்கும் முன்பே சிலவற்றைக் கேட்டறிய வேண்டும். மத போதனையிலும் வழிபாட்டிலும் பங்கேற்பது கட்டாயமா? லுஹருக்கும் ஜும்ஆவுக்கும் வழி உண்டா? மாலையில் மத்ரஸாவுக்குச் செல்ல நேரம் மிஞ்சுமா? தமிழகத்துப் பெற்றோர் இவற்றைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை. அரசின் அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற நிறுவனத்தில், பாதுகாவலரின் சம்மதமின்றிச் சிறாரை மத போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்கச் செய்யலாகாது என்று இந்திய அரசியலமைப்பின் 28(3) பிரிவு கூறுகிறது.

கேட்பதைப் பணிவோடு கேட்போம். கற்பிக்கும் ஆசிரியர்களை, அவர்கள் எம்மதத்தவராயினும், மதிக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போம். வசதி படைத்தோர் சித்திலெப்பையின் வழியில் நம் ஊர்களிலும் தரமான பாடசாலைகள் எழ உதவுவார்களாக. நம் மக்களுக்குப் பயனுள்ள கல்வியையும் உறுதியான ஈமானையும் அல்லாஹ் சேர்த்தே அருள்வானாக. ஆமீன்.