இரண்டு ஸ்லைடு, ஐந்து நிமிடம்

கல்லூரி மூன்றாம் வருடம் ஒரு டேட்டா ஹேக்கத்தானில் எங்கள் அணிக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. அப்போது கொடுத்த டி-ஷர்ட் இன்னும் வீட்டில் கிடக்கிறது, வண்டி துடைக்க ஆகிறது. ரெஸ்யூமேயில் அந்தப் பரிசு ஒரு வரியாக நான்கு வருடம் இருந்தது. பிறகு நானே எடுத்துவிட்டேன். ஏன் எடுத்தேன் என்று சொல்வதற்கு முன், ராத்திரி முழுக்கக் கண்விழித்து லேப்டாப்பைத் தட்டும் இந்தச் சடங்கு எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம்.

ஹேக்கத்தான் என்ற சொல் 1999 ஜூனில் கனடாவின் கால்கரி நகரத்தில் புழக்கத்துக்கு வந்தது. ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தை எழுதிக்கொண்டிருந்த பத்து பேர் அங்கே ஒன்றாக உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். மறைகுறியாக்க மென்பொருளை ஏற்றுமதி செய்ய அமெரிக்கச் சட்டம் அப்போது கட்டுப்பாடுகள் வைத்திருந்தது. எல்லைக்கு வெளியே கனடாவில் உட்கார்ந்து எழுதினால் அந்தச் சிக்கல் இல்லை. பரிசு, நடுவர், மாணவர், டி-ஷர்ட் எதுவும் கிடையாது. வேலைக்குத் தயாராவதற்காக அவர்கள் கூடவில்லை, அவர்கள் பார்த்ததே வேலைதான்.

போட்டி என்ற அம்சம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. 2006 அக்டோபரில் நெட்ஃப்ளிக்ஸ் பத்து கோடிக்கு மேற்பட்ட ரேட்டிங்குகளைப் பொதுவெளியில் போட்டு, எங்கள் பரிந்துரைக் கணிப்பை 10 சதவீதம் மேம்படுத்துபவருக்குப் பத்து லட்சம் டாலர் என்று அறிவித்தது. மூன்று வருடம் உலகமே மல்லுக்கட்டியது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் இளநிலை மாணவர்கள் மூன்று பேர் 'டைனோசர் பிளானட்' என்று பேர் வைத்துக்கொண்டு பெரிய ஆராய்ச்சிக்கூடங்களோடு மோதினார்கள். 2009இல் முதலிடத்தில் இரண்டு அணிகளுக்கு ஒரே மதிப்பெண். இருபது நிமிடம் முந்திக் கொடுத்த அணிக்குப் பரிசு போனது. அந்த இறுதித் தீர்வை நெட்ஃப்ளிக்ஸ் முழுசாகப் பயன்படுத்தவே இல்லை. கிடைக்கும் துல்லியத்துக்கு அதைப் பொருத்தும் உழைப்பு கட்டுப்படியாகவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் இதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் சிரித்தேன். எங்கள் டீமில் வாரத்துக்கு ஒருமுறை நடப்பது அதுதான்.

மாணவர்களுக்காகவே நடந்த முயற்சிகளில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது டேட்டாஃபெஸ்ட். 2011இல் லாஸ் ஏஞ்சல்ஸில், யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்தின் புள்ளியியல் பேராசிரியர் ராபர்ட் கூல்ட் தொடங்கினார். அவருடைய கவலை நமக்கும் தெரிந்ததுதான். பாடப்புத்தகத்தில் வரும் டேட்டா குளித்துப் பவுடர் போட்டு உட்கார்ந்திருக்கும். ஐம்பது வரி, நாலு நெடுவரிசை, ஒரே ஒரு சரியான விடை. வேலைக்குப் போனால் வருவதோ லட்சக்கணக்கான வரி, பாதி காலி, என்ன கேட்பது என்றே யாரும் சொல்ல மாட்டார்கள்.

முதல் வருடம் சுமார் முப்பது மாணவர்கள், 48 மணிநேரம். டேட்டா எது என்பது தொடங்கும் வரை ரகசியம். அந்த வருடம் வந்தது லாஸ் ஏஞ்சல்ஸ் காவல்துறையின் ஐந்து வருடக் கைதுப் பதிவுகள். அதற்கடுத்த வருடங்களில் கடன் தளமான கிவா, ஜோடி சேர்க்கும் தளமான இஹார்மனி, டிக்கெட் விற்கும் டிக்கெட்மாஸ்டர், 2019இல் கனடாவின் பெண்கள் ரக்பி அணி என்று விதவிதமாக வந்தன. அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் பொறுப்பெடுத்த பிறகு பல பல்கலைக்கழகங்களுக்குப் பரவியது. மாணவர்கள் வேலை செய்யும்போது, துறையில் இருப்பவர்கள் மேசை மேசையாக நடந்து உதவுவார்கள். அதில் பாதிப் பேர் ஆள் எடுக்கவும் கண் வைத்திருப்பார்கள், அதில் ரகசியம் ஒன்றுமில்லை. கடைசியில் பல இடங்களில் இரண்டு ஸ்லைடு, ஐந்து நிமிடம் மட்டும். அந்த விதி எனக்குப் பிடிக்கும். மேனேஜர் தருவதும் அவ்வளவுதான்.

ஆனால் அந்த முதல் டேட்டாவைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். கைதுப் பதிவு என்பது எதன் பதிவு? குற்றம் எங்கே நடந்தது என்பதன் பதிவு என்று முதல் பார்வைக்குத் தோன்றும். வரைபடத்தில் போட்டால் சில தெருக்கள் சிவக்கும். உண்மையில் அது போலீஸ் எங்கே போனது என்பதன் பதிவும்கூட. போகாத தெருவில் கைது இல்லை.

இது வெறும் தத்துவம் இல்லை. அதே 2011இல், அதே நகரத்தில், வேறொரு வேலையும் நடந்தது. அதற்கும் டேட்டாஃபெஸ்டுக்கும் தொடர்பில்லை. யூசிஎல்ஏ ஆய்வாளர்களின் கணிப்பு முறையைக் காவல்துறை களத்தில் சோதிக்கத் தொடங்கியது, பிற்பாடு அது பிரெட்பால் என்ற மென்பொருளாக விற்கப்பட்டது. 2016இல் கிறிஸ்டியன் லம், வில்லியம் ஐசக் இருவரும் அந்தக் கணிப்பு முறையில் ஓக்லாண்ட் நகரத்தின் போதைப்பொருள் வழக்குப் பதிவுகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்வேக்களின்படி போதைப் பழக்கம் நகரம் முழுக்கப் பரவியிருந்தது. கணிப்போ, போலீஸ் ஏற்கெனவே அதிகம் போன ஏழை, கறுப்பினப் பகுதிகளுக்கே மறுபடியும் போகச் சொன்னது. போனால் கைது கூடும், கூடினால் மறுபடி அங்கேயே போகச் சொல்லும். லாஸ் ஏஞ்சல்ஸ் காவல்துறை 2020இல் பிரெட்பாலை நிறுத்தியது, காரணம் பணப் பற்றாக்குறை என்றது.

இனி என் கதை.

எங்களுக்குக் கொடுத்தது ஒரு பேருந்து நிறுவனத்தின் டிக்கெட் டேட்டா. 36 மணிநேரம். முதல் ராத்திரி இரண்டு மணிக்கு என் நண்பன் ஒன்றைக் கண்டுபிடித்தான். ஆயிரக்கணக்கான வரிகளில் நேரம் 00:00. "நடுராத்திரில எவன்டா பஸ் ஏறுவான்? எரர்தான், தூக்கிரு." தூக்கினோம். ஒரே ஒரு வரி கோட். டேட்டா சுத்தமானது, வரைபடம் அழகாக வந்தது. கூட்டமில்லாத வழித்தடங்கள் தெளிவாகத் தெரிந்தன. இவற்றில் நடைகளைக் குறைத்தால் டீசல் மிச்சம் என்பது எங்கள் இரண்டாவது ஸ்லைடு. நடுவர் தலையாட்டினார்.

அடுத்த பொங்கலுக்கு அந்த நண்பன் ஊருக்குப் போயிருந்தேன். அவன் மாமா கண்டக்டர், வேறொரு நிறுவனத்தில். நாங்கள் பெருமையாகக் கதையைச் சொல்ல, மாமா காப்பியைக் கீழே வைத்தார்.

"பன்னண்டு மணின்னு வந்துச்சா? மாப்ள, மெஷின்ல சார்ஜ் போயிருச்சுன்னா கையில இருக்க பேப்பர் டிக்கெட்ட கிழிச்சுக் குடுப்போம். சாயங்காலம் டிப்போவுல மொத்தமா ஏத்துவாங்க. அதுல எங்கருந்து நேரம் வரும்?"

"எப்ப மாமா சார்ஜ் போகும்?"

"தூரமாப் போற டவுன் பஸ்ஸு, கிராமத்து ரூட்டு. காலைல எடுத்தா நைட்டுதான் டிப்போ. மத்தியானத்துக்கு மேல மெஷின் செத்துரும்."

நாங்கள் இரண்டு பேரும் பேசவில்லை. எங்களுக்கு டேட்டா கொடுத்த நிறுவனத்திலும் அதுதான் நடந்தது என்று நிரூபிக்க முடியாது. ஆனால் எந்த வழித்தடங்களில் அந்த வரிகள் அதிகமிருந்தன என்பது நினைவிருந்தது. நாங்கள் குறைக்கச் சொன்ன அதே வழித்தடங்கள். மத்தியானத்துக்கு மேல் ஊர் திரும்பிய அத்தனை பேரையும் ஒரே வரியில் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டு, பஸ் காலியாக ஓடுகிறது என்று சொல்லியிருக்கிறோம்.

நான் ஹேக்கத்தான்களை வெறுக்கவில்லை. கிட் என்ன என்று அங்கேதான் கற்றேன், அழுகிற டீம்மேட்டைச் சமாளிப்பதையும். என்னைக் கேட்டால் இரண்டாம் நாள் காலையில் ஒரு கண்டக்டரையோ ஒரு ஏட்டையாவையோ கொண்டுவந்து உட்காரவைப்பேன், நடுவராக இல்லை, டேட்டா எப்படி உண்டாகிறது என்று சொல்லும் ஆளாக. டேட்டாஃபெஸ்டில் டேட்டா கொடுத்தவர்களே வந்து அதைப் பற்றி மாணவர்களிடம் பேசுவது உண்டு. எங்கள் ஊர் நிகழ்ச்சியில் ஸ்பான்சர் வந்தார், சால்வை போட்டோம், போய்விட்டார்.

நாங்கள் சொன்னதை அந்த நிறுவனம் செய்ததா என்று தெரியவில்லை. பெரும்பாலும் யாரும் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள், நெட்ஃப்ளிக்ஸ் கதைதான். அந்த வழித்தடங்களில் ஒன்றில் போன வருடம் போனேன், நாலு மணி வண்டியில். உட்கார இடமில்லை. கண்டக்டர் கையில் மெஷின் இருந்தது. சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்று எட்டிப் பார்த்தேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "எங்க போணும்?" என்றார்.