உரம் என்று பெயரிடப்பட்ட கழிவு: பெருமாட்டியின் மண்ணும் பள்ளி உயிரியலும்

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்தது பெருமாட்டி ஊராட்சி. தமிழும் மலையாளமும் ஒருசேர வழங்கும் இவ்வட்டம் முன்னர் கொச்சி அரசின் ஆட்சியில் இருந்தது. இவ்வூராட்சிக்கு உட்பட்ட பிளாச்சிமடாவில் 2000ஆம் ஆண்டு மார்ச்சில் இந்துஸ்தான் கோகோ-கோலா நிறுவனத்தின் குளிர்பான ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. பிளாச்சிமடாவின் வரலாறு பெரும்பாலும் நிலத்தடி நீரின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. அதன் மற்றொரு பகுதி குறைவாகவே பேசப்படுகிறது. ஆலையின் கழிவுச்சேறு சுற்றுப்புற உழவர்களுக்கு உரம் எனக் கொடுக்கப்பட்டது. அவர்களும் அதை வாங்கி வயலில் இட்டனர்.

அவர்கள் ஏன் அதை நம்பினர் என்பதே வரலாற்றாசிரியர் முதலில் எழுப்ப வேண்டிய வினா. அறியாமை என்று விடை கூறுவது எளிது. ஆனால் அது பிழையான விடை. கழிவு உரமாகும் என்பது உழவர் தலைமுறை தலைமுறையாகச் சோதித்தறிந்த உண்மை. சாணமும் சாம்பலும் பிண்ணாக்கும் குளத்து வண்டலும் ஓரிடத்தில் எஞ்சியவையே. மற்றோரிடத்தில் அவை பயிருக்கு ஊட்டமாயின. நவீன வேளாண் வேதியியலும் இதே வழியில்தான் வளர்ந்தது. 1842இல் இங்கிலாந்தின் ஜான் பென்னட் லாஸ், கந்தக அமிலத்தால் பாஸ்பேட்டைக் கரையச் செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். எலும்புகளோடு, கோப்ரோலைட் எனப்பட்ட தொல்லுயிர்க் கழிவின் படிவங்களும் பிற பாஸ்பேட் முடிச்சுகளும் அங்கே தோண்டி எடுக்கப்பட்டு உரத் தொழிற்சாலைகளுக்குச் சென்றன.

தமிழகத்திலும் அத்தகைய முயற்சி ஒன்று நிகழ்ந்தது. அரியலூர், பெரம்பலூர்ப் பகுதிகளின் கிரெட்டேசியஸ் காலப் பாறைகள் அம்மோனைட் உள்ளிட்ட கடல்வாழ் உயிரிகளின் புதைபடிவங்களுக்குப் பெயர்பெற்றவை. ஹென்றி பிளான்ஃபோர்டு இப்பாறைகளை ஆராய்ந்து 1862இல் அறிக்கை வெளியிட்டார்; அவற்றின் புதைபடிவங்களை ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா விரிவாக வகைப்படுத்தினார். இப்படுகைகளின் களிமண்ணில் பாஸ்பேட் முடிச்சுகளும் இருந்தன. 200 அடி ஆழம் வரை சுமார் 80 இலட்சம் டன் பாஸ்பேட் இருக்கலாம் என 1893இல் வார்த் மதிப்பிட்டார். அதைப் பொடியாக்கித் தென்னிந்தியக் காப்பித் தோட்டங்களுக்கு உரமாக விற்க முயன்றனர். அம்முயற்சி பின்னர் கைவிடப்பட்டது. அமிலத்தால் பதப்படுத்தாத பாறைப் பாஸ்பேட் எளிதில் கரையாது; கரையாததை வேர் உறிஞ்ச இயலாது. ஒரு பொருளில் ஊட்டத்தனிமம் இருப்பது வேறு, அப்பொருள் பயிருக்கு ஊட்டமாவது வேறு.

இதற்கு மறுபுறமும் உண்டு. ஊட்டமில்லாத தனிமம் ஒன்று ஊட்டத்தோடு சேர்ந்து வயலுக்குள் நுழையக்கூடும். கடலடியில் படிந்த பாஸ்பேட் பாறைகள் பலவற்றில் காட்மியமும் கலந்திருக்கும். இதனாலேயே ஐரோப்பிய ஒன்றியம், பாஸ்பேட் உரத்தில் ஒரு கிலோ பாஸ்பரஸ் பென்டாக்சைடுக்கு 60 மில்லிகிராம் காட்மியம் என்ற உச்சவரம்பை 2022 முதல் நடைமுறைப்படுத்தியது.

ஊட்டம் எது என்பதற்கு ஆர்னனும் ஸ்டவுட்டும் 1939இல் மூன்று அளவுகோல்களை முன்வைத்தனர். அத்தனிமம் இன்றித் தாவரம் தன் வாழ்க்கைச் சுழற்சியை நிறைவு செய்யக் கூடாது. வேறொரு தனிமம் அதன் பணியை ஏற்க இயலக் கூடாது. வளர்சிதை மாற்றத்தில் அதற்கு நேரடிப் பங்கு இருக்க வேண்டும். துத்தநாகம் இம்மூன்றுக்கும் பொருந்தும். கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்னும் நொதியில் துத்தநாகம் இருப்பதைக் கேம்பிரிட்ஜில் கெய்லினும் மானும் 1939-40இல் நிறுவினர். 1966இல் பந்த்நகரில் ஒய். எல். நெனே, நெற்பயிரைத் தாக்கும் கைரா நோய்க்குக் காரணம் துத்தநாகக் குறைபாடே என்று கண்டறிந்தார். அதன்பின் துத்தநாக சல்பேட் நெல் உழவரின் வழக்கமான இடுபொருள் ஆயிற்று.

தனிம அட்டவணையில் துத்தநாகத்துக்கு நேர்கீழே உள்ளது காட்மியம். இரண்டின் அயனிகளுக்கும் ஒரே மின்னூட்டம். துத்தநாகத்தையும் இரும்பையும் உள்ளே கொண்டுசெல்லும் வழிகளிலேயே காட்மியமும் வேருக்குள் நுழைகிறது. நொதியில் துத்தநாகம் அமரும் இடத்தில் அது அமரக்கூடும். ஆனால் துத்தநாகத்தின் பணியைச் செய்வதில்லை. ஈயத்தின் நச்சுத்தன்மையும் இதையொத்ததே. குருதியின் ஹீம் மூலக்கூறு உருவாவதற்கு உதவும் ‘அலாட்’ நொதியிலிருந்து துத்தநாகத்தை ஈயம் வெளியேற்றுகிறது, நொதி செயலிழக்கிறது. மனித உடலில் சேரும் காட்மியம் சிறுநீரகத்தில் பல்லாண்டுகள் தங்குகிறது. ஜப்பானின் ஜின்சு ஆற்றுப் படுகையில், காமியோகாச் சுரங்கத்தின் காட்மியம் பாசனநீர் வழியே நெல்லில் ஏறி இதாய்-இதாய் நோயை விளைவித்தது. 1968இல் அந்நாட்டு அரசே அதை மாசினால் விளைந்த நோய் என அறிவித்தது. பிளாச்சிமடா ஆலை தொடங்குவதற்கு 32 ஆண்டுகளுக்கு முன்பே நெல்லுக்கும் காட்மியத்துக்கும் உள்ள தொடர்பு உலகம் அறிந்ததாகிவிட்டது.

பிளாச்சிமடாவில் எச்சரிக்கை முதலில் கிணறுகளிலிருந்து வந்தது. நீரின் சுவை மாறியது, சோறும் பருப்பும் முறையாக வேகவில்லை என மக்கள் முறையிட்டனர். 2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாயிலில் தொடர் போராட்டம் தொடங்கியது. இரவாளர் பழங்குடியைச் சேர்ந்த மயிலம்மா அதன் முகமாக விளங்கினார். 2003 ஏப்ரலில் ஊராட்சி, ஆலையின் உரிமத்தைப் புதுப்பிப்பதில்லை என முடிவெடுத்தது. அதே ஆண்டு ஜூலையில் பிபிசி வானொலி, கழிவுச்சேற்றின் மாதிரிகளை எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் சோதிக்கச் செய்து, அவற்றில் ஈயமும் காட்மியமும் அபாயமான அளவில் இருப்பதாக வெளியிட்டது. கழிவு தீங்கற்றது என்று நிறுவனம் மறுத்தது. ஆயினும் ஆகஸ்டில் கேரள மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அதை உரமாக வழங்குவதை நிறுத்துமாறு பணித்தது. 2004 மார்ச்சில் ஆலையின் இயக்கம் நின்றது.

இங்கே ஓர் உண்மை கவனத்துக்குரியது. ஆலை தொடங்கிய அதே 2000ஆம் ஆண்டில் இந்திய அரசு நகராட்சித் திடக்கழிவு விதிகளை வெளியிட்டது. நகரக் குப்பையிலிருந்து செய்யும் மக்கு உரத்தில் ஒரு கிலோவுக்குக் காட்மியம் 5 மில்லிகிராமும் ஈயம் 100 மில்லிகிராமும் மிகக்கூடாது என அவ்விதிகள் வரையறுத்தன. மண்ணில் சேர்வதை அளந்து பார்க்க வேண்டும் என்ற அறிவும் அதற்கான எண்ணும் நாட்டில் இருந்தன. ஆனால் பெருமாட்டியின் வயலுக்குச் சேறு வந்தபோது அந்த அளவுகோல் அதனுடன் வரவில்லை. அளந்து பார்க்கும் வேலை ஓர் அயல்நாட்டு வானொலிக்கு வாய்த்தது.

சாணத்தின் தரத்தை உழவர் நிறத்தாலும் மணத்தாலும் அறிவார். காட்மியத்துக்கு அத்தகைய அடையாளம் எதுவும் இல்லை. வேரும் நொதியும் ஏமாறும் இடத்தில் கண்ணும் மூக்கும் தப்ப இயலாது. ஆய்வகம் ஒன்றே வேறுபாட்டைக் காணும். ஆகவே இங்கு தவறியது உழவரின் மரபறிவு அன்று. அந்த அறிவு எட்டாத இடத்தில் துணைநிற்க வேண்டிய நிறுவனங்களே தவறின.

கேரள அரசு அமைத்த உயர்நிலைக் குழு 2010 மார்ச்சில் இழப்பை 216.26 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அமைப்பதற்கான மசோதாவைச் சட்டமன்றம் 2011 பிப்ரவரியில் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் அதற்குக் கிட்டவில்லை. 2017இல் ஆலையை மீண்டும் இயக்கும் எண்ணமில்லை என நிறுவனம் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.

ஊட்டம், நொதி, புதைபடிவம் ஆகிய மூன்றும் பள்ளி உயிரியல் நூலில் தனித்தனிப் பாடங்களாக நிற்கின்றன. தேர்வு முடிந்ததும் தனித்தனியே மறக்கப்படுகின்றன. பெருமாட்டியின் வயல்களை விளங்கிக்கொள்ள மூன்றும் ஒருசேரத் தேவைப்படுகின்றன. ஆலை மூடப்பட்டதும் இவ்வரலாறு முடிந்துவிடவில்லை. உயிரிகள் கரிமக் கழிவைச் சிதைத்து மண்ணாக்கும். காட்மியமோ தனிமம், எந்த நுண்ணுயிரியின் நொதியும் அதைச் சிதைக்க இயலாது. மண்ணில் இட்டது, எவரேனும் அகற்றும் வரை அல்லது பயிரும் நீரும் சிறிது சிறிதாகக் கொண்டுசெல்லும் வரை, அங்கேயே இருக்கும்.