மெஜெஸ்ட்ரால் அசிட்டேட்டின் வரலாறு

மெஜெஸ்ட்ரால் அசிட்டேட் என்பது பெண்களின் உடலில் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனைப் போலச் செயல்படும் செயற்கை மருந்தாகும். மார்பகம், கருப்பை உட்படலம் ஆகியவற்றில் முற்றிய புற்றுநோய்க்குத் தரப்பட்ட இம்மருந்து, பின்னர் நோயால் பசி இழந்தவர்களுக்கும் தரப்படலாயிற்று. ஒரு பக்க விளைவே மருத்துவப் பயனாக மாறியதும், அப்பயனுக்கு எல்லை உண்டு என்பது தெரியவந்ததும் இதன் வரலாறாகும்.

ஹார்மோன் மருத்துவத்தின் தொடக்கம்

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர அறுவை மருத்துவர் ஜார்ஜ் பீட்சன், முற்றிய மார்பகப் புற்றுநோய் கொண்ட பெண்களின் சூலகங்களை அகற்றினால் கட்டி சுருங்கக்கூடும் என்று 1896-இல் வெளியிட்டார். ஹார்மோன் என்ற சொல்லே அப்போது பிறந்திருக்கவில்லை. ஆண் ஹார்மோனைக் குறைத்தால் புராஸ்டேட் புற்றுநோய் தணியும் என்று அமெரிக்காவின் சார்லஸ் ஹக்கின்ஸ் 1941-இல் காட்டினார். இதற்காக 1966-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சில கட்டிகள் ஹார்மோனை நம்பி வளர்கின்றன. அந்தச் சூழலை மாற்றினால் வளர்ச்சி தடைபடும் என்பதே இதன் அடிப்படை.

மெஜெஸ்ட்ரால் 1960-களில் கருத்தடை மாத்திரைகளில் சேர்க்கப்பட்டது. 1971-இல் அமெரிக்காவில் புற்றுநோய் மருந்தாக ஒப்புதல் பெற்றது. மார்பகப் புற்றுநோய்க்கு உரிய வழக்கமான அளவு நாளொன்றுக்கு 160 மில்லிகிராம்.

பசியைத் தூண்டும் மருந்து

இம்மருந்தை உட்கொண்ட பெண்கள் நன்றாகச் சாப்பிட்டனர், எடையும் கூடியது. இதைக் கவனித்த மருத்துவர்கள், பசியிழந்த புற்றுநோயாளிகளுக்கு இதை ஆராய்ந்தனர். 1990-இல் வெளியான ஓர் ஆய்வில் 133 நோயாளிகள் பங்கேற்றனர். நாள்தோறும் 800 மில்லிகிராம் பெற்றவர்களில் 16 விழுக்காட்டினர் ஏறத்தாழ 7 கிலோ அல்லது அதற்கு மேல் எடை கூடினர். வெற்று மருந்து பெற்றவர்களில் 2 விழுக்காட்டினரே அவ்வாறு கூடினர்.

1993-இல் எய்ட்ஸ் நோயாளிகளின் பசியின்மைக்கும் உடல் மெலிவுக்கும் இதன் திரவ வடிவம் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

நாமக்கல் தரும் பாடம்

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்றை 1986-இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் முதன்முதலில் கண்டறிந்தனர். சேலத்திலிருந்து 1997-இல் பிரிக்கப்பட்ட, லாரித் தொழிலுக்குப் பெயர்பெற்ற நாமக்கல் மாவட்டம், பின்னர் தமிழகத்தில் தொற்று மிகுந்த மாவட்டங்களில் ஒன்றாக இருந்தது. 2004 ஏப்ரல் 1 முதல் அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்துச் சிகிச்சையை இலவசமாக வழங்கும் தேசியத் திட்டம் தொடங்கி, படிப்படியாக விரிவடைந்தது. வைரஸ் கட்டுக்குள் வந்ததும் பசியும் எடையும் பலருக்குத் தாமாகவே திரும்பின. மூலநோயைத் தணிப்பதே பசிக்கு முதல் மருந்து என்பதை இது உணர்த்துகிறது.

எல்லைகள்

முற்றிய புற்றுநோயில் அவ்வாறு மூலத்தை அகற்றுவது எளிதன்று. மெஜெஸ்ட்ராலால் கூடும் எடையில் பெரும்பகுதி கொழுப்பே. இழந்த தசை மீள்வதில்லை. ஆயுளும் நீள்வதில்லை. இரத்தம் உறைந்து குழாய்களை அடைக்கும் ஆபத்தும் உண்டு. கால் வீக்கமோ மூச்சுத் திணறலோ தோன்றினால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். மருத்துவர் எழுதித் தராமல் இதை வாங்கி உண்ணக்கூடாது.

புதுச்சேரி ஆய்வு

புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை ஆய்வாளர்கள், மனநோய்க்குப் பயன்படும் ஓலன்சபின் என்ற பழைய மருந்தை 2.5 மில்லிகிராம் என்ற சிறிய அளவில் பயன்படுத்திப் பார்த்தனர். இது ஹார்மோன் அன்று. வேதிச்சிகிச்சை பெற்ற 124 பேரிடம் 12 வாரங்கள் நடந்த இவ்வாய்வு 2023-இல் வெளியானது. மருந்து பெற்றவர்களில் 60 விழுக்காட்டினர் தம் எடையில் 5 விழுக்காட்டுக்கு மேல் கூடினர். வெற்று மருந்துக் குழுவில் அது 9 விழுக்காடு. அதே ஆண்டில் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதலிலும் ஓலன்சபின் இடம்பெற்றது.

குடும்பத்தினர் அறிய வேண்டியது

கட்டியும் அதை எதிர்க்கும் உடலும் வெளிவிடும் வேதிப்பொருள்கள் மூளையின் பசி மையத்தை மந்தமாக்குகின்றன. எனவே நோயாளி சோற்றை ஒதுக்குவது பிடிவாதத்தால் அன்று. கடிந்து ஊட்டுவதைவிட, அவர் விரும்பியதைச் சிறிது சிறிதாகப் பலமுறை கொடுப்பதும், பசியின்மையை மருத்துவரிடம் மறவாமல் சொல்வதுமே பயன் தரும்.